வாங்குகிறவர் கையிலுள்ள வல்லமை



நம்முடைய பிள்ளைகளில் சிலர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் பணிபுரிகிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் அங்குள்ள சில கடைகளின் வாசலில் ஒரு பலகையைக் கண்டு திகைப்பதுண்டு. கைத்துப்பாக்கியுடன் உள்ளே வரலாகாது என்பதே அதன் பொருள். நம் ஊரில் பாதரட்சைகளை வெளியே விடச் சொல்வதுபோல அங்கே துப்பாக்கியை விடச் சொல்கிறார்கள்! மறைத்து எடுத்து வருவதற்கு ஒரு பலகை, வெளியே தெரிய அணிந்து வருவதற்கு வேறொரு பலகை. எழுத்துகள் ஓர் அங்குலத்துக்குக் குறையாமலும், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்கவேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. பலகை வைப்பதும் வைக்காததும் கடைக்காரரின் விருப்பம். ஆகவே அவருடைய விருப்பத்தைத் தங்கள் பக்கம் திருப்ப இரு சாராரும் முயல்கிறார்கள்.

துப்பாக்கி வைத்திருப்போர் இதற்காகக் கையிலெடுத்த கருவி அவர்களுடைய பணப்பை. பலகை வைத்த கடையில் ஒரு காசும் செலவிடமாட்டோம், வைக்காத கடைக்குத் தேடிச் சென்று வாங்குவோம் என்றார்கள். இந்தக் கருவி எவ்வளவு கூர்மையானது என்பதை அவர்கள் முன்னமே கண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்சன் என்னும் பழைமையான துப்பாக்கி நிறுவனம், பாதுகாப்புப் பூட்டு முதலியவற்றை ஏற்று கிளிண்டன் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதை வாங்கிவந்த ஜனங்களே அதைப் புறக்கணித்தார்கள். 1987-இல் 11 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கப்பட்ட அந்த நிறுவனம் 2001-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கும் அதன் கடன்களை ஏற்கும் பொறுப்புக்கும் கைமாறிற்று.

ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடைகளின் காரியம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2010-இல் கலிபோர்னியாவில் சிலர் இடுப்பில் துப்பாக்கியோடு காப்பிக்கடைகளில் கூடினார்கள். வேறு சில நிறுவனங்கள் அதைத் தடுத்தபோது, ஸ்டார்பக்ஸ் அந்தந்த ஊர்ச் சட்டப்படி நடப்போம் என்று ஒதுங்கிக்கொண்டது. 2012 பிப்ரவரி 14-இல் எதிர்ப்பாளர்கள் அக்கடையைப் புறக்கணிக்க அழைத்தார்கள். துப்பாக்கிக்காரரோ அதே நாளில் இரண்டு டாலர் நோட்டுகளோடு வந்து காப்பி வாங்கினார்கள். துப்பாக்கி உரிமையைக் கூறுவது அவர்கள் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம். அதற்கு அடையாளமாக அந்த நோட்டு. கல்லாவை எண்ணும் முதலாளிக்குத் தங்கள் தொகை தெரியவேண்டும் என்று எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 14-இல் நியூடவுன் ஊரின் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் ஸ்டார்பக்ஸுக்கு நன்றி சொல்லும் நாள் ஒன்றைத் துப்பாக்கிக்காரர் கொண்டாடியபோது, அந்த நியூடவுன் ஊரிலுள்ள கடை நேரத்தோடே மூடப்பட்டது. செப்டம்பர் 17-இல் நிறுவனத் தலைவர் ஹோவர்ட் ஷூல்ட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, தயவுசெய்து துப்பாக்கியோடு வராதிருங்கள் என்று கேட்டுக்கொண்டார். தடையென்று சொல்லவில்லை. தடை விதித்தால் ஆயுதந்தரித்த வாடிக்கையாளரிடம் போய் அதைச் சொல்லவேண்டியவர் கல்லாவில் நிற்கும் ஊழியர் அல்லவா என்றார். இரு சாராரின் சச்சரவிலும் அந்த ஊழியரை நினைத்த வரி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தேசத்தில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. தேர்தல் வந்தால் உரிமம் பெற்றவர்களும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படுகிறார்கள். சாலைக் கடைத்தெருவில் நகைக்கடைக் காவலரின் தோளில் தொங்குவதைத் தவிர நாம் துப்பாக்கியைக் காண்பது அரிது. அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் கடைக்குள் என்ன நடக்கலாம் என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கக்கூடும் என்ற காரியம் நமக்கு அந்நியமானதல்ல. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. சூடு தணிந்தபின் பாட்டில்கள் திரும்பி வந்தன.

இங்கே கேரளத்தில் நம்மை நேராகத் தொடும் காரியம் வேறொன்று உண்டு. அது நாற்காலி.

ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்பிள்ளைகள், வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்காரக்கூடாது என்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. கழிப்பிட வசதி இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துவந்த விஜி என்னும் பெண்மணி பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கி முதலில் கழிப்பிடத்துக்காகவும் பின்பு இருக்கைக்காகவும் போராடினார். 2014-இன் இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து நூறு நாட்களுக்கு மேல் வீதியில் இருந்தார்கள். 2018-இல் கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கிற்று. தமிழ்நாடு 2021-இல் அதைப் பின்பற்றியது.

இந்த வரலாற்றில் வாங்குகிறவர்களாகிய நாம் எங்கே இருந்தோம்? சேலைகளை விரித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தோம். அமெரிக்கத் துப்பாக்கிக்காரரின் நோக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. காப்பிக்கடைக்கு ஆயுதம் எதற்கு என்பதே என் எண்ணம். ஆயினும் தங்கள் காசு எங்கே போகிறது என்று அவர்கள் பார்த்ததுபோல நாம் பார்த்ததில்லை. நம் சபைகளிலோ கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வந்து இந்நகரத்துக் கடைகளில் நிற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். வாரத்தில் தான் நீண்ட நேரம் உட்காருவது ஞாயிறு ஆராதனையில்தான் என்று ஒரு சகோதரி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் வந்தபின்னும் முக்காலி ஒரு மூலையில் இருக்கும், அதில் உட்காரும் தைரியம் இராது. மேற்பார்வையாளர் பார்க்கிற பார்வை அப்படி. இங்கேதான் உங்கள் சொல்லுக்கு இடமுண்டு. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் குடும்பமாகத் துணியெடுக்கப் போகிறீர்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறீர்கள். பில் போடும் இடத்தில் மேலாளரை அழைத்து, இந்தப் பிள்ளைகள் உட்கார இடம் எங்கே என்று தாழ்மையாய்க் கேளுங்கள். இருக்கையுள்ள கடையில் அதற்காகவே வந்தோம் என்று சொல்லுங்கள். குறை மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு இது கடினம்தான். பலமுறை கேட்டும் பயனில்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள், போகும் காரணத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். அதிலும் தீராவிட்டால் தொழில் பவனிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

ஒன்றில்மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உங்களுக்குச் சேலை காட்டிய பிள்ளையைச் சுட்டிக்காட்டிப் பேசாதீர்கள். நீங்கள் வெளியே போனபின் கணக்குக் கேட்கப்படுவது அவளிடம். உங்களிடம் இதையெல்லாம் யார் சொன்னது என்று மேலாளர் கேட்டால், எங்கள் கண்ணே பார்த்தது என்று சொல்லுங்கள்.