பச்சைப் புட்டி

குடியே கூடாது என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடலாம். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. என் சண்டையெல்லாம், 'வீட்டிலேயே மார்கரீட்டா கலப்பேனாக்கும்' என்று மார் தட்டிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பச்சைப் புட்டியை எடுக்கிறார்களே, அவர்களோடுதான்.

மார்கரீட்டாவுக்கு வேண்டியவை மூன்றே சாமான்: மெக்ஸிகோ நாட்டு டெக்கீலா, ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது, எலுமிச்சம்பழச் சாறு. விளிம்பில் தடவக் கொஞ்சம் உப்பு. கடையில் விற்கிற மலிவான பச்சைப் புட்டியிலோ பெரும்பாலும் சர்க்கரைப் பாகு, சிட்ரிக் அமிலம், சாயம். பழம் மேலே படத்தில் இருக்கிறது. ரசத்துக்கு எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னால் சமையற்காரர் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றட்டும்; மறுநாள் அவருக்கு அந்த வீட்டில் வேலை இருக்குமா?

டெக்கீலா எப்படி உண்டாகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் புட்டியைத் திறக்கக் கை கூசும். ஹாலிஸ்கோ மாநிலத்து நீலக் கற்றாழை முதிர்வதற்கு ஆறு, ஏழு வருஷம் ஆகிறது. ஹிமதோர் என்ற தொழிலாளி, நீண்ட காம்பில் பொருத்திய வட்டக் கத்தியால் மடல்களை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளுகிறான். நடுவில் மிஞ்சுகிற பெரிய உருண்டை பார்வைக்கு அன்னாசிப் பழம் போல இருப்பதால் அதற்கு அன்னாசி என்றே பெயர். அதை வேகவைத்து, நசுக்கி, புளிக்கவிட்டு, இரண்டு தரம் வடிக்கிறார்கள். வெட்டிய செடி மறுபடி துளிர்ப்பதில்லை. ஏழு வருஷ வெயிலின் தலையில் பாகைக் கொட்டுவதற்கு மனம் வருகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. புளிக்கவைக்கும் சர்க்கரையில் 49 சதவீதம் வரை கற்றாழையல்லாத சர்க்கரை சேர்க்க அந்த நாட்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. முழுக்கக் கற்றாழையானால் சீட்டில் '100 சதவீதம் அகாவே' என்று போட்டிருப்பார்கள். மட்டமான சரக்கும் பச்சைப் புட்டியும் ஒன்றன் குற்றத்தை ஒன்று மூடிவிடும். புதுச் சாறு அப்படி மூடாது.

'பெரிய ஹோட்டல்களிலேயே அப்படித்தானே?' என்பார்கள். 1971-இல் டல்லாஸ் நகரத்தில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற உணவகக்காரர், கூட்டம் தாளாமல், ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மார்கரீட்டாவுக்கு மாற்றினார். 2005-இல் அந்த இயந்திரம் அமெரிக்க அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. அவருக்குக் கூட்டம் இருந்தது, ஐயா! உங்கள் வீட்டுக்கு இன்று ராத்திரி எத்தனை பேர் வருகிறார்கள்? நாலு பேர். நாலு பேருக்குப் பழம் பிழியவா இயந்திரம்?

இத்தனைக்கும் மெக்ஸிகோக்காரர்கள் பிழிகிற சின்ன லிமோன் நம் வீட்டு எலுமிச்சையின் இனம்தான். ஆசியாவில் பிறந்து, ஸ்பானியர்களோடு கடல் தாண்டிப் போன பழம். 60 மில்லி டெக்கீலா, 30 மில்லி ஆரஞ்சு மது, 30 மில்லி சாறு. நிறைய ஐஸ் போட்டு மூடி, கை சில்லிடும்வரை குலுக்கி வடிகட்ட வேண்டும். தோலை அழுத்திக் கசக்கினால் கசப்பு இறங்கிவிடும். பழத்தை விருந்தாளி வந்த பிறகு நறுக்கினால் போதும். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் மணம் குன்றிவிடுகிறது.

ஹாலிஸ்கோவில் காந்தாரீத்தோ என்று ஒன்று தருகிறார்கள். மண் குடுவையில் ஐஸும் உப்பும் போட்டு, டெக்கீலா ஊற்றி, ஆரஞ்சு, எலுமிச்சை, கிரேப் புரூட் மூன்றையும் பிழிகிறார்கள். அதிலும் புட்டிச் சோடா சேருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சோடா வருவது பழம் பிழிந்த பிறகு.