நஞ்சின் கணக்கு நாட்டுக்கு வேண்டும்

துறைமுகத்தில் வந்திறங்கும் பீடைநாசினி எத்தனை தொன் என்று கேட்டால் சுங்கத் திணைக்களம் கணக்குக் கூறும். எந்தக் கம்பனி அதனை இறக்கியது, எப்பெயரில் விற்கிறது என்று கேட்டால் பேராதனையிலுள்ள பதிவாளர் அலுவலகத்தின் ஏடு விடை கூறும். ஆனால் அந்த நஞ்சு எந்தக் கிராமத்தில், எந்தப் பயிரின் மீது, எந்த மாதத்தில், எவ்வளவு தெளிக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்; விடை கூறுவார் எவருமில்லை. கமக்காரனின் நினைவிலும் கடைக்காரனின் பற்றுச்சீட்டிலும் அக்கணக்குச் சிதறிக் கிடக்கிறதேயன்றி, நாட்டின் ஏட்டில் முறையாக ஏறவில்லை. நஞ்சு வந்த வழி அரசாங்கத்துக்குத் தெரியும். அது போய்ச் சேர்ந்த இடம் தெரியாது. இடம் தெரியாத நஞ்சை ஆளுவதாக அரசாங்கம் சொல்லிக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

இதனை ஓர் அலுவலகக் குறைபாடு என்று ஒதுக்கிவிட எம்மால் இயலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே ஓடிக் கோடையிலே வறண்டுவிடும் வழுக்கியாற்றை நம்பி எவரும் வாழ்வதில்லை. பெய்யும் மழை செம்மண்ணைக் கடந்து, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியிலே தங்குகிறது. அந்த நீரையே நாம் இறைத்துக் குடிக்கிறோம். அதே நீரையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் பாய்ச்சுகிறோம். தோட்டமும் வீடும் கிணறும் ஒரே வேலிக்குள் அமைந்த மண் இது. மேலே இடுவது கீழே இறங்குவதற்கு இங்கே அதிக காலம் பிடிப்பதில்லை. குடாநாட்டின் பல கிணறுகளிலே நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். உரம் இறங்கிய அதே பாதையில் நஞ்சு மாத்திரம் இறங்காது என்று உறுதி கூறக்கூடியவர் யார்? சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓரிடத்து அழுக்கு இன்னோரிடத்துக் கிணற்றை எட்டும் என்பதை அந்த அனுபவம் எமக்குக் கற்பித்தது.

இக்கணக்கை எடுக்க முடியாது என்பாரும் உளர். எடுக்க முடியும் என்பதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, 1990 ஆம் ஆண்டு முதல், விவசாயத்துக்காகப் பீடைநாசினி தெளிப்போர் யாவரும் ஒவ்வொரு தெளிப்பையும் அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். எந்த நாள், எந்தப் பயிர், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை ஏக்கர் என்ற விபரம் மாதந்தோறும் உள்ளூர் விவசாய ஆணையாளரிடம் சென்று சேர்கிறது. அந்நாட்டின் நிலம் பழைய நில அளவை முறைப்படி ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமான பெருஞ் சதுரங்களாகவும், அவை ஒவ்வொன்றும் 36 சிறு சதுரங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளன. தெளித்த இடம் ஒரு சதுர மைல் அளவில் அடையாளம் காணப்படுகிறது. இவ்வேடுகள் பெட்டியில் பூட்டப்படுவதில்லை; எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

ஏடு மட்டும் இருந்தால் அது எண்களின் குப்பை. அதற்கு உயிரூட்டுவது தேசப்படம் வரையும் கணினி மென்பொருள். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல அது வேலை செய்கிறது. ஒரு தாளிலே தெளித்த நஞ்சின் அளவு; இன்னொன்றிலே பாடசாலைகள்; மற்றொன்றிலே கிணறுகள்; வேறொன்றிலே மக்கள் குடியிருப்பு. எல்லாவற்றையும் அடுக்கியபின், பாடசாலையைச் சுற்றிக் கால் மைல் வட்டம் ஒன்றை வரையச் சொன்னால், அவ்வட்டத்துள் ஓராண்டில் விழுந்த நஞ்சு இன்னது, இவ்வளவு என்று அது கூட்டிச் சொல்லிவிடும். ஆயிரம் எழுதுவினைஞர் ஓராண்டு இருந்து செய்யவேண்டிய வேலை சில மணி நேரத்தில் முடிகிறது.

அப்படி அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது என்ன? அம்மாநிலச் சுகாதாரத் திணைக்களம் 2014 இல் வெளியிட்ட அறிக்கை, விவசாயம் மிகுந்த 15 மாவட்டங்களின் 2,511 பொதுப் பாடசாலைகளை ஆராய்ந்தது. அவற்றுள் 36 சதவீதமானவற்றுக்குக் கால் மைல் தூரத்துக்குள், உடல்நலத்துக்குக் கேடு பயக்கக்கூடிய பீடைநாசினிகள் 2010 இல் தெளிக்கப்பட்டிருந்தன. அதிக நஞ்சு விழுந்த பாடசாலைகளிலே கற்கும் வாய்ப்பு, வெள்ளையினப் பிள்ளைகளைவிட, ஸ்பானிய மொழி பேசும் வழிவந்த பிள்ளைகளுக்கு 91 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயலிலே கூலிவேலை செய்பவரின் பிள்ளைகளே அவர்களுட் பலர் என்பதைக் கூறவும் வேண்டுமோ? நஞ்சு காற்றிலே சமமாகப் பரவுகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அது எளியவன் வீட்டுப் பக்கமாகவே அதிகம் வீழ்ந்தது என்பதைப் படம் காட்டிக் கொடுத்தது.

2018 முதல், பாடசாலை நாட்களில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, பாடசாலைகளுக்குக் கால் மைல் தூரத்துக்குள் காற்றில் பரவத்தக்க பல தெளிப்பு முறைகள் அம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டன. அதே ஏடுகளைக் கொண்டு நோயாய்வும் நடந்தது. வீட்டுக்கு 500 மீற்றருக்குள் பரகுவாட், மனெப் என்னும் இரண்டும் தெளிக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்தோருக்குப் பார்க்கின்சன் நோய் வரும் அபாயம் 75 சதவீதம் கூடுதலாக இருந்ததை 2009 இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. 2025 மார்ச் முதல், கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளைத் தெளிக்குமுன் அவ்விடத்து மக்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கும் முறையும் அங்கே நடைமுறைக்கு வந்துள்ளது.

கலிபோர்னியாவுக்குப் புகழ்மாலை சூட்டுவது எமது நோக்கமன்று. அங்கும் ஏடு தானாக எழுந்து நீதி வழங்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் 1999 இல் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் உண்டு என்று மத்திய அரசாங்கத்தின் சுற்றாடல் நிறுவனம் தன் முதற்கட்ட முடிவைக் கூற 2011 ஆம் ஆண்டாயிற்று. இடையிலே அப்பிள்ளைகள் பாடசாலையை விட்டே சென்றிருப்பர். ஆயினும் பெற்றோர் கையிலே கணக்கு இருந்தது. கணக்கு இருந்தபடியால் அவர்களின் குரலை வெறும் புலம்பல் என்று எவராலும் தள்ளிவிட முடியவில்லை. எமது மக்களுக்கு இல்லாதது அந்த ஆயுதமே.

கணக்கோடு எடுத்த முடிவுக்கும் கணக்கின்றி எடுத்த முடிவுக்கும் உள்ள வேற்றுமையை எமது நாடே இரு தடவை கண்டிருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், எந்த நஞ்சினால் எத்தனை உயிர் போயிற்று என்ற மருத்துவமனைக் குறிப்புகள் ஆராயப்பட்டன. மிகக் கொடியவை என உலக சுகாதார நிறுவனம் வகுத்தவை 1995 அளவிலும், என்டோசல்பான் 1998 இலும், பரகுவாட் உள்ளிட்ட மூன்று நஞ்சுகள் 2008 முதல் 2011 வரை படிப்படியாகவும் விலக்கப்பட்டன. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்த இந்நாட்டுத் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆயிரமாயிரம் குடும்பங்கள் காப்பாற்றப்பட்டன. குறிப்பெழுதிய மருத்துவமனை ஊழியரின் பேனாவுக்கும் இதில் பங்குண்டு.

மற்றைய முடிவு 2021 இல் எடுக்கப்பட்டது. இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் ஒரேயடியாக நிறுத்துவதாக ஏப்ரிலில் அறிவித்தார்கள். மே மாதத்தில் வர்த்தமானி வெளியிட்டார்கள். வயல் வாடியதும் நவம்பரில் பின்வாங்கினார்கள். எந்த மாவட்டத்தில் எந்தப் பயிருக்கு எந்த மருந்து இன்றியமையாதது, எது மிதமிஞ்சியது என்று பிரித்துப் பார்க்க அவர்கள் கையில் படமில்லை. படம் இல்லாதவன் ஒன்றில் எல்லாக் கதவையும் பூட்டுவான். அல்லது எல்லாக் கதவையும் திறந்துவிடுவான். இரண்டுக்கும் விலை கொடுத்தவன் கமக்காரனே.

வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயின் கதையும் இதுவே. 1990களிலிருந்து பேசப்படும் அந்நோயின் காரணம் இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. களைநாசினியான கிளைபோசேட்டைக் குற்றவாளியாக்கி 2015 இல் நாடெங்கும் தடுத்தார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் திறந்தார்கள். அது குற்றவாளியா, அன்றா என்று நாம் இங்கே தீர்ப்புக் கூறவில்லை. கிராமம் கிராமமாக இருபதாண்டுத் தெளிப்புக் கணக்கு இருந்திருப்பின், நோயாளியின் ஊரையும் நஞ்சு விழுந்த ஊரையும் ஒரே படத்தில் அடுக்கிப் பார்த்திருக்கலாம் அன்றோ? சிங்களக் கமக்காரனும் தமிழ்க் கமக்காரனும் ஒரே நோயில் மடியும்போது, ஆய்வாளரின் கையிலே ஊகமும் அரசியல்வாதியின் கையிலே மேடையும் மாத்திரம் இருந்தன.

படத்திலும் பொய் புகும் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. நிறையை மட்டும் பார்த்து நிறம் தீட்டினால் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களே மிகக் கருமையாகத் தோன்றும். ஏனெனில் அங்கே நிறையளவில் மிகுதியாகப் பயன்படுவது கந்தகம். இயற்கை விவசாயம் செய்வோரும் இடுகின்ற கந்தகத்தின் ஒரு கிலோவும், நரம்பைத் தாக்கும் நஞ்சின் ஒரு கிலோவும் ஒன்றாகுமா? ஆகவே நிறையோடு கொடுமையையும் சேர்த்துக் கணித்தல் வேண்டும். இரண்டாவது, சதுரத்தின் அளவு. ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். எமது கணக்கில் 10,240 பரப்பு. பெருந்தோட்டங்கள் நிறைந்த கலிபோர்னியாவுக்கு அது பொருந்தலாம். நாலு பரப்பும் எட்டுப் பரப்புமாகத் தோட்டஞ் செய்யும் கோப்பாயிலும் உரும்பிராயிலும், அந்த ஒரு சதுரத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை கிணறு, எத்தனை பள்ளிக்கூடம்! யாழ்ப்பாண மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளையேனும் அடிப்படையாகக் கொள்ளாத படம் எமக்குப் பயன்படாது. மூன்றாவது, நஞ்சு தெளித்த இடம் வேறு. உடலிற் புகுந்த அளவு வேறு. எந்தக் கிணற்றை முதலிற் சோதிக்க வேண்டும் என்று படம் காட்டும். சோதனைக்குப் பதிலாக நிற்காது.

எல்லாவற்றிலும் பெரிய ஐயம் கமக்காரனுடையது. “உள்ளதை எழுதிக் கொடுத்தால் என் வெங்காயத்தை எவன் வாங்குவான்?” என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானதே. இக்கணக்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு எடுக்கப்படுமாயின் அதனை முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம். வெளியிடப்படும் படத்தில் கிராமத்தின் தொகை இருக்கட்டும். தனியாளின் பெயர் வேண்டாம். தெளிகருவியை முதுகிற் சுமப்பவரே நஞ்சை முதலிற் சுவாசிப்பவர். ஒரே நஞ்சு வெவ்வேறு வியாபாரப் பெயர்களில் விற்கப்பட, அதனை அறியாது இரண்டையும் கலந்து அடித்துப் பணத்தையும் உடலையும் இழப்பவரும் அவரே. அயற்கிராமத்தார் எத்தனை முறை தெளித்தனர், எதனைக் கொண்டு பூச்சியை அடக்கினர் என்று அறிவது அவருக்கு இலாபமேயன்றி நட்டமன்று.

ஆதலால் எமது கோரிக்கை இது. அனுமதி பெற்ற ஒவ்வொரு பீடைநாசினிக் கடையும் விற்பனைக் கணக்கைக் கிராமவாரியாக மாதந்தோறும் கமநல சேவை நிலையத்துக்கு ஒப்படைத்தல் வேண்டும். விவசாயப் போதனாசிரியரின் துணையோடு கமக்காரர் அமைப்புகள் தெளிப்புக் குறிப்பை எழுத வகை செய்தல் வேண்டும். அப்படிவம் கமக்காரன் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். தொகுத்த படத்தை ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும். 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றிய நாட்டில், தன் கிணற்றருகே விழுந்தது என்ன என்று அறியும் உரிமை குடிமகனுக்கு இல்லையென்று எந்த அமைச்சரும் சொல்லத் துணியார்.

பணமில்லை என்ற பழைய பாட்டும் இங்கே செல்லாது. படம் வரையும் மென்பொருள்களுள் கியூ.ஜி.ஐ.எஸ். போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலிருந்து இத்தீவை அளந்து வருகிறது. பல்கலைக்கழகங்களிலே புவியியல் கற்ற இளைஞர்கள் வேலையின்றி நிற்கிறார்கள். கருவி உண்டு, அடிப்படம் உண்டு, ஆளும் உண்டு. இல்லாதது எண்ணம் ஒன்றே.

காணி யாருடையது, வரி எவ்வளவு என்று அறிவதற்காக அன்றைய ஆட்சியாளர் இந்நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தனர். அதே நிலத்தில் விழும் நஞ்சை அளக்குமாறு இன்று நாம் கேட்கிறோம். இதனை அரசாங்கம் தானாகச் செய்யும் என்று காத்திருத்தல் பேதைமை. கமக்காரர் அமைப்புகளும், பாடசாலைப் பெற்றோர் சங்கங்களும், பிரதேச சபைகளும் ஒரே கேள்வியை எழுப்பட்டும்: எமது கிராமத்தில் சென்ற ஆண்டு விழுந்த நஞ்சு எவ்வளவு? விடை வரும்வரை அக்கேள்வி ஓயலாகாது.