அணை நிரம்பிய ஆண்டில்தான் சிக்கனம் வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தை வறண்ட பூமி என்பார்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு வட்டாரத்திற்கு முதன்முதலாக வருகிறவர்கள் அதை நம்ப மாட்டார்கள். நெல் வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாகப் பசுமை கண்ணை நிறைக்கும். இந்தப் பசுமைதான் இங்குள்ள விவசாயிகளை ஏமாற்றியும் விடுகிறது. தண்ணீர் தீர்ந்துபோகக்கூடிய பொருள் என்ற நினைப்பு, கிணற்றில் தரை தெரியும்போதுதான் வருகிறது.

மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். 1970-களில் கட்டப்பட்ட பிளவக்கல் பெரியாறு அணை சுமார் 47 அடி. கோவிலாறு அணை சுமார் 42 அடி. நாற்பது கண்மாய்கள் இவ்விரண்டையும் நம்பியுள்ளன. சிறிய அணைகள் ஆதலால் நல்ல மழையில் விரைவாக நிரம்பும். திறந்துவிட்டால் விரைவாக இறங்கும். ஆகவே, சித்திரையில் சிக்கனம் பேசிப் பயனில்லை. வற்றிய கிணற்றில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? அணை நிரம்பி, கண்மாய் மறுகால் போகும் மார்கழியில்தான் சிக்கனத்தைத் தொடங்க வேண்டும்.

கமலை மறைந்தது, கணக்கும் மறைந்தது

கமலை இறைத்த காலத்தில் ஒவ்வொரு சால் தண்ணீருக்கும் மாடும் மனிதனும் உழைத்தார்கள். அதனால் வாய்க்காலில் ஒரு எலி வளை இருந்தால்கூட உடனே அடைத்தார்கள். இன்று பம்பு இறைக்கிறது. 1990-ஆம் ஆண்டு முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிறு விவசாயிக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டார் தானாக ஓடத் தொடங்குகிறது. வயல்காரர் வீட்டில் உறங்குகிறார்.

நிமிடத்திற்கு 300 லிட்டர் இறைக்கும் பம்பு ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் 18,000 லிட்டர் போயிற்று. கோடையில் தென்னை ஒன்றுக்குச் சொட்டு நீராக நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்தால், 70 மரங்கள் உள்ள ஒரு ஏக்கர் தோப்புக்கு அது ஏறக்குறைய நான்கு நாள் தண்ணீர். நேரம் குறித்து மோட்டாரை நிறுத்தும் கருவியோ, கைப்பேசியால் நிறுத்தும் கருவியோ பொருத்திக்கொள்வது வீண்செலவு ஆகாது.

நெல்லுக்கு எப்போது தண்ணீர்?

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது பழைய எண்ணம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஒரே ஒரு பாய்ச்சலைத் தவிர்த்தாலும் மிச்சமாவது இவ்வளவு.

எப்போது தவிர்க்கலாம் என்பதை ஓர் அடி நீளக் குழாய்த் துண்டு காட்டிவிடும். குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்ட இரண்டு வாரங்களுக்குப் பிறகு, குழாய்க்குள் நீர்மட்டம் மண் மட்டத்திற்குக் கீழே அரை அடி இறங்கிய பின்னர் மறுபடியும் 5 சென்டிமீட்டர் பாய்ச்சினால் போதும். மேலே மண் காய்ந்தது போல் தெரிந்தாலும் வேருக்குக் கீழே ஈரம் இருக்கும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இந்த முறையில், மகசூல் குறையாமலே 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும்.

தோப்பில் கிடக்கும் உரிமட்டை

தென்னை விவசாயிகள் உரிமட்டையை விற்றுவிடுகிறார்கள், அல்லது எரித்துவிடுகிறார்கள். ஊறிய மட்டை தன் எடையைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் நூறு மட்டைகளைக் குப்புறப் பரப்பலாம். மட்டை இல்லாதவர்கள் 15 காய்ந்த ஓலைகளைப் போடலாம். மழை முடிந்து பாத்தியில் ஈரம் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். காய்ந்த மண்ணை மூடுவதால் பயன் குறைவு.

சொட்டுநீர்க் கருவி அமைக்கத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. அதற்குரிய சான்றுகளுடன் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம்.

பக்கத்து வயல்காரர்

"நான் மிச்சம் பிடித்தால் பக்கத்துக் கிணற்றுக்காரர் இறைத்துக்கொள்வார். எனக்கு என்ன லாபம்?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது. ஆனால் தேவைக்கு மேல் பாய்ச்சுகிறவர் தண்ணீரோடு யூரியாவையும் வேருக்குக் கீழே அனுப்புகிறார் என்பதை மறக்கக் கூடாது. அந்த நட்டம் அவருடையதே.

இருந்தாலும், தனி ஒருவரின் சிக்கனம் ஊரைக் காப்பாற்றாது. தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டால் கடைமடைக்காரரின் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்துபோகிறது. அந்தப் பயிருக்கு வாங்கிய கடன் மட்டும் காய்வதில்லை. 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்தும் விவசாயிகளே சங்கமாகக் கூடிப் பாசனத்தை நடத்த வழி செய்துள்ளது. அணை திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு கண்மாய் ஆயக்கட்டுதாரர்களும் கூடி, முறை வைத்து, எந்த மடை எந்த நாளில் திறப்பது, அடைப்பது யார் பொறுப்பு என்று முடிவு செய்துவிட வேண்டும்.

வத்திராயிருப்பு மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அர்ச்சுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. அந்த வழியில் முதலில் தண்ணீரைக் காண்கிறவர்கள் இந்த வட்டார விவசாயிகளே. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அளவோடு பரிமாறிக்கொண்டால்தான் கடைசிப் பந்திக்கும் சோறு மிஞ்சும்.