இருபது வரை சொல்லும் பிள்ளைக்கு மூன்று தெரியுமா?

கடந்த மாதம் கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்குள்ள சிறுவர் நிலையத்தை மக்கள் இன்னும் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்கிறார்கள். என்னைக் கண்டதும் பொறுப்பாளர் அக்கா, நாலரை வயதுப் பிள்ளை ஒன்றை முன்னுக்கு அழைத்தார். "இருபது வரைக்கும் சொல்லுவா டீச்சர்" என்றார். பிள்ளையும் மூச்சு விடாமல் ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லி முடித்தது. எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு பத்துப் புளியங்கொட்டைகளைப் பாயில் போட்டேன். "இதில மூணு குடு" என்று கேட்டேன். பிள்ளை ஒரு கை நிறைய அள்ளித் தந்தது. நான் ஐந்து கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, ஐந்து வரை சரியாக எண்ணியது. "அப்போ மொத்தம் எத்தனை?" என்றேன். பிள்ளை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது.

அந்தப் பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் கடந்து போகும் இடம் அது. ஆனால் அந்த இடத்தில் ஒரு பிள்ளை நிற்கிறது என்பதை வளர்ந்தவர்கள் கவனிக்காமல், அடுத்த வருடம் அதன் கையில் கூட்டல் கணக்கைக் கொடுத்துவிடுவதுதான் சிக்கல்.

எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது பாட்டுப் பாடுவது போன்றது. எண்ணுவது வேறு வேலை. ரொச்சல் கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978 இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பெயர்களின் வரிசை மாறக்கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டும். கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம். கல்லோ, ஆளோ, கைதட்டும் சத்தமோ, எதையும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றுதான். தெல்தோட்டைப் பிள்ளைக்கு முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது இன்னும் வரவில்லை.

"மூணு குடு" என்று கேட்பதும் என் கண்டுபிடிப்பல்ல. கரன் வின் என்ற ஆய்வாளர் 1990 இல் இதே முறையைப் பயன்படுத்தினார். பிள்ளைகள் முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை மட்டும் அறிகிறார்கள். சில மாதங்கள் கழித்து இரண்டு, அதன் பின் மூன்று. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கு ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு நாள் எண்ணுவதன் சூட்சுமம் பிடிபட்டு, தெரிந்த எல்லா எண்களுக்கும் ஒரேயடியாகப் பொருள் வந்துவிடுகிறது. ஆகவே ஒன்று, இரண்டு, மூன்றில் செலவழிக்கும் காலம் வீண் அல்ல.

சிறிய எண்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவற்றை எண்ணாமலே கண்டுகொள்ளலாம். 1871 இல் ஜெவொன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் ஒரு பெட்டிக்குள் அவரைக் கொட்டைகளை எறிந்து, பார்த்த கணத்தில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் நான்கிலும் அவர் தவறவே இல்லை. ஐந்திலிருந்து பிழை வரத் தொடங்கியது. வளர்ந்த மனிதருக்கே எல்லை நான்குதான் என்றால், முன்பள்ளியில் நூறு வரை எழுதிய கொப்பியைக் காட்டி யாரை மகிழ்விக்கிறோம்?

ஒண்ணா, ஒண்டா, ஒன்றா?

என் பெற்றோர் கண்டி மாவட்டத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்குப் போனார்கள். நான் அங்கே பிறந்து, அங்கேயே படிப்பித்து, 2009 இல் மெனிக் பாம் முகாமுக்குப் போய், பிறகு அம்மாவின் உறவுகளைத் தேடிக் கண்டிக்கு வந்தவள். அதனால் என் வாயில் 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்றுதான் வரும். இங்குள்ள பிள்ளைகள் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்பார்கள். நான் எண்ணினால் சிரிப்பார்கள். பாடநூலிலோ 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று இருக்கிறது. கண்டி நகரில் சிங்கள அயலோடு வளரும் பிள்ளைகளுக்கு 'எக்க, தெக்க, துன' என்பதும் தெரியும். ஆங்கில முன்பள்ளிக்குப் போனால் 'வன், டூ'வும் சேர்ந்துகொள்ளும்.

பல பெயர்கள் இருப்பதால் பிள்ளை குழம்பாது. 'ஒண்ணு' என்று சொல்லும் பிள்ளையைப் பிழை என்று நிறுத்தினால்தான் குழம்பும். ஏனென்றால், அது எண்ணைச் சரியாகத்தான் சொன்னது. நாங்கள் திருத்தியது உச்சரிப்பை. ஆனால் பிள்ளை தன் கணக்கே பிழை என்று எடுத்துக்கொள்கிறது. வீட்டு மொழியில் எண்ணி முடிக்கட்டும். எழுத்து மொழி பாடசாலையில் தானாக வரும். தமிழில் 'பதினொன்று' என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தின் 'இலெவன்' என்ற சொல்லில் அது வெளியே தெரிவதில்லை. பத்தை ஒரு கட்டாகக் கண்டுகொள்ள எங்கள் மொழி தரும் வசதி இது. அதைக் கைவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் எண்ணப் பழக்குவது நட்டம்.

வீட்டில் எத்தனை பேர்?

முன்பள்ளிகளில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. குடும்பப் படம் வரைந்து, எத்தனை பேர் என்று எண்ணச் சொல்வது. 2009 இல் முகாமில் கூடாரத்துக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டி, கற்களை வைத்து எண்ணக் காட்டினேன். யோசிக்காமல் அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். ஒரு பையன் ஐந்து விரல்களைக் காட்டினான். பக்கத்தில் இருந்த அக்கா அவன் விரல்களில் இரண்டை மடக்கிவிட்டாள். அவன் திரும்பவும் ஐந்தையும் விரித்தான். அதன் பின் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிக உயிரிழப்பு கண்டி மாவட்டத்தில்தான். மண்சரிவில் லயன்களையும் வீடுகளையும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று முன்பள்ளியில் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: குடும்பத்தை எண்ணச் சொல்லாதீர்கள். கோப்பைகளை, செருப்புகளை, கொழுந்துக் கூடைகளை எண்ணட்டும்.

எண்ணிக்கை எங்களுக்கு எப்போதுமே வெறும் பாடமாக இருந்ததில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். எந்த லயத்தில் யாரும் கேட்கப்படவில்லை. வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்டார். பதிவான எண்களிலிருந்து கழித்துப் பார்த்து எடுத்த எண் அது. அதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. கணக்கு தெரிந்த ஒரு சமூகம்தான் இப்படிக் கேள்வி கேட்க முடியும். தராசில் எத்தனை கிலோ கழித்தார்கள், எத்தனை நாள் பேர் போட்டார்கள் என்று கேட்கவும் அதுவே தேவை.

யார் பொறுப்பு?

இந்த ஆண்டு ஜனவரி இறுதியில் முதலாம் தரத்தில் கல்விச் சீர்திருத்தம் தொடங்கியது. ஆறாம் தரத்துக்கானது 2027 இற்குத் தள்ளப்பட்டது. ஆனால் நாட்டில் நடந்த வாதம் கிட்டத்தட்ட முழுவதும் ஆறாம் தர ஆங்கிலப் பாடத்தொகுதியைப் பற்றியது. ஐந்து வயதுப் பிள்ளை எதைத் தெரிந்துகொண்டு முதலாம் தரத்துக்கு வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

முன்பள்ளிகள் பாடசாலை முறைமைக்கு வெளியே நிற்கின்றன. சில மாகாண நிர்வாகத்தின் கீழ், சில மத நிறுவனங்களிடம், சில தனியாரிடம். தோட்டச் சிறுவர் நிலையங்களைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் தோட்ட நிர்வாகங்களும் பார்க்கின்றன. தாய்மார் கொழுந்து பறிக்கப் போவதற்காகத் தொடங்கிய இடங்கள் இவை. பால் கொடுத்து, தூங்க வைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதே முதல் வேலை. கைக்குழந்தையையும் நாலு வயதுப் பிள்ளையையும் ஒருவரே பார்க்கும்போது எண்ணப் பழக்க அவருக்கு நேரம் ஏது? ஆகவே அந்த அக்காமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனியாக ஒரு ஆசிரியர், தமிழில் பயிற்சி, மாதம் முழுக்க வாழக்கூடிய சம்பளம். மலையகப் பிரதிநிதிகள் சம்பள உயர்வோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது சிறியது, காசு செலவில்லாதது. ரொட்டி சுடும்போது "மூணு தட்டு எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். இரண்டைக் கொண்டுவந்தால் ஏசாதீர்கள். "இன்னும் எத்தனை வேணும்?" என்று கேளுங்கள். படி ஏறும்போது எண்ணுங்கள். யாழ்ப்பாணத்தில் கொக்கான் வெட்டுவது என்று சொல்லும் ஐந்து கல் விளையாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அள்ளுவதைவிட நல்ல பயிற்சியை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. எழுதுவதற்கு அவசரம் வேண்டாம்.

புறப்படும்போது அந்தப் பிள்ளையிடம் இரண்டு கொட்டைகள் கேட்டேன். யோசித்து, இரண்டே இரண்டைத் தந்தது. "இருபது வரைக்கும் சொல்றதவிட இதுதான் பெருசா டீச்சர்?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த மாதம் போகும்போது மூன்று கேட்பேன்.