பக்தியின் பெயரால் வரும் பலவந்தம்

பெரியபுராணம் பயின்றோர் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை அறிவர். போர்க்களத்தில் பலமுறை தோற்ற முத்தநாதன் என்னும் பகைவன், படையால் வெல்லலாகாத அம்மன்னரை வேடத்தால் வெல்லக் கருதினான். மேனியெங்கும் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டினுள் கத்தியை மறைத்து அரண்மனை புகுந்தான். கிடைத்தற்கரிய ஆகமம் ஒன்றைத் தனித்திருந்தே உபதேசித்தல் வேண்டுமெனக் கூறி, அரசியையும் அகலச் செய்தான். மன்னர் தரையிலமர்ந்து வணங்கிய அளவில், கட்டை அவிழ்த்துத் தான் கருதியதை முடித்தான். ஈண்டு நாம் நோக்கற்பாலன மூன்று: வேடம், தனிமை, ஏட்டுள் மறைந்த கத்தி. இவை சைவ வரலாறு ஒன்றற்கே உரியன அல்ல. கிறிஸ்தவராகிய நம் சபைகளிலும் ஜெபக்கூட்டங்களிலும் இன்றும் காணப்படுவனவாம். இதனை எடுத்துரைத்தலே எம் நோக்கம்.

எம் விடுதித் தோழர் ஒருவர்க்கு நேர்ந்ததை முதற்கண் கூறுவோம். ஊரூராகச் சென்று கூட்டம் நடத்தும் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, "உன் தாயின் நோய்க்குக் காரணம் உன் மறைவான பாவம் என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்றார். பத்தொன்பது வயதில் பாவமொன்றும் நினைவுக்கு வாராதவர் யாவர்? தோழர் அழுது, தம் குற்றங்களையெல்லாம் அறிக்கையிட்டார். தேர்வுக் கட்டணத்திற்கென வீட்டிலிருந்து வந்த பணம் காணிக்கையாயிற்று. பின்னொரு நாள் கூட்டத்திற்குச் செல்ல இயலாதபோது, அவர் முன்பு அறிக்கையிட்டவற்றையே நினைவூட்டி அச்சுறுத்தும் செய்தி வந்தது. உணவும் உறக்கமும் இழந்து விடுமுறையில் ஊருக்குச் சென்றவர், அங்குள்ள முதிய உபதேசியாரிடம் மனம் திறந்தார். அப்பெரியவர் நெடும் பிரசங்கம் செய்தாரில்லை. "தம்பி, உன் அம்மாவுக்கு இந்த இழுப்பு நீ பிறக்குமுன்பே உண்டே, நீ செய்த எந்தப் பாவம் அதைக் கொண்டுவந்தது?" என்று மட்டும் வினவினார். அவ்வொரு வினாவில் பல திங்களாகக் கட்டியிருந்த கட்டு அவிழ்ந்தது. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என வினவிய சீடரை நம் ஆண்டவர் திருத்திய செய்தி யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் உளது. அதனை நம் தோழர் பலகாற் படித்தவரே. எனினும் அச்சம் மிகுந்த வேளையில் படித்தது துணை வரவில்லை.

இது பேதையர்க்கே நேர்வது என்று நகுவார் சிலர். அவர்கள் இராஜாக்களின் முதலாம் புத்தகம் பதின்மூன்றாம் அதிகாரத்தை நோக்குவாராக. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனிதன், அங்கே அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும் திரும்பக் கட்டளை பெற்றவன். யெரொபெயாம் அரசன் விருந்தும் வெகுமதியும் தருவதாக அழைத்தபோது உறுதியாக மறுத்தான். ஆனால் கிழவனான தீர்க்கதரிசி ஒருவன் பின்தொடர்ந்து வந்து, தானும் தீர்க்கதரிசியே என்றும், தேவதூதன் தன்னோடு பேசினான் என்றும் பொய்யுரைத்தபோது, உடன் சென்று உண்டான். வழியில் சிங்கத்தால் மாண்டான். அரசனுடைய பொன்னுக்கு அசையாதவன், தன் சொந்த மொழியிற் பேசிய பொய்க்கு அசைந்தான். செல்வமும் அதிகாரமும் வெளிப்படையாக வந்தால் பக்தன் அடையாளம் கண்டுகொள்வான். பக்தியே வேடமிட்டு வந்தால் அவன் பக்தியே அவனுக்குக் கண்ணியாகும்.

அண்மைக் கால வரலாறும் இதற்குச் சான்று பகரும். அமெரிக்க நாட்டில் 1950-களில் ஜிம் ஜோன்ஸ் என்பார் தொடங்கிய 'பீப்பிள்ஸ் டெம்பிள்' என்னும் சபை, கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே அமர்ந்து வழிபட இடந்தந்தது, ஏழைகளுக்கு உணவளித்தது, முதியோரைப் பேணியது. நல்லோர் பலர் நன்மையை நாடியே அதிற் சேர்ந்தனர். ஆயின், நோய் தீர்த்தல் என்று காட்டப்பட்டவை நாடகங்கள். உதவியாளர் மறைவில் திரட்டிய செய்திகளே மேடையில் வெளிப்பாடுகளாயின. உறுப்பினர் உடைமைகளைச் சபைக்கு எழுதிக் கொடுத்தனர். 1977-இல் பெருந்தொகையினர் தென்னமெரிக்காவிலுள்ள கயானாவின் காட்டிற்குக் குடியேற்றப்பட்டனர். நஞ்சு எனக் கூறிப் பானத்தைக் குடிப்பித்துப் பற்றுறுதியைச் சோதித்த ஒத்திகைகளும் நடந்தன. 1978 நவம்பர் 18-ஆம் நாள் மெய்யாகவே நஞ்சு கொடுக்கப்பட்டது. அன்று இறந்தோர் மொத்தம் 918 பேர். அவருள் ஏறத்தாழ 300 பேர் சிறுவர். இவர்கள் ஒரே நாளில் அறிவிழந்தவர் அல்லர். சிறிது சிறிதாக, ஒவ்வொரு படியிலும் "வினவாதே" என்னும் கட்டளைக்கு இணங்கி, இறுதியில் வினவும் ஆற்றலையே இழந்தவர் ஆவர்.

அங்ஙனமாயின், மனத்தைக் குத்தும் போதனையெல்லாம் வஞ்சனையோ எனின், அன்று. நாத்தான் தாவீதைக் கண்டித்தது மிகக் கடுமையான கண்டனமே. ஆயினும் அவன் கண்டித்தது மெய்யாக நிகழ்ந்த பாவத்தை. அதனால் அவன் அடைந்த ஆதாயம் யாதுமில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைக் கூறி, அரசனுடைய நியாய உணர்வையே எழுப்பித் தீர்ப்புரைக்கச் செய்தான். மெய்யான கண்டிப்பு மனச்சாட்சியை விழிப்பிக்கும். வஞ்சகமோ அதனை உறங்கச் செய்து, அதன் இருக்கையில் மற்றொருவரை அமர்த்தும். இன்னும் உயர்ந்த அளவுகோல் நம் ஆண்டவரே. ஆஸ்தியுள்ள வாலிபன் துக்கத்தோடு திரும்பியபோது, அவர் அவனைச் சபித்தாரில்லை, பின்தொடர்ந்து அச்சுறுத்தினாரில்லை. பலர் தம்மைவிட்டு அகன்ற காலை, பன்னிருவரையும் நோக்கி, நீங்களும் போக விரும்புகின்றீர்களோ என்றே வினவினார். வாயிலைத் திறந்து வைத்து அழைப்பதே அவர் முறை. உட்புகுந்தபின் வாயிலைத் தாழிடுவது எவர் முறையாயினும் அவர் முறை அன்று.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில உள. உடனே முடிவு செய்யென நெருக்குவோரிடம், "நான் ஜெபித்து, வேதத்தை ஆராய்ந்து, பின்னர் கூறுவேன்" என்று காலம் கேட்டல் முதலாவது. அவகாசம் தர மறுப்பாராயின் அம்மறுப்பே ஓர் அடையாளம். பவுல் உரைத்ததையே வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் நற்குணசாலிகள் என்று புகழ்கின்றது. அப்போஸ்தலனுக்கு இழுக்காகாத ஆராய்ச்சி மற்றையோர்க்கு இழுக்காகுமோ? எவரிடமும் சொல்லாதே என்று விதிக்கப்பட்டதை, பெற்றோரிடமோ, போதகரிடமோ, நம்பத்தக்க ஆசிரியரிடமோ சொல்லுதல் இரண்டாவது. முத்தநாதனும் தனிமையையே கேட்டான் என்பதை மறவற்க. சிக்குண்ட தோழரை இகழாமல், அவர் திரும்பி வரும்வரை நட்பை விடாதிருத்தல் மூன்றாவது. மூடன் என்று நாம் நகைத்தால், அவர்க்கு அவ்வஞ்சகரையன்றி வேறு புகலிடமில்லை.

இனி, எம் குற்றத்தையும் மறைத்தல் முறையன்று. முதலாண்டு மாணவர் ஒருவரை எம் ஜெபக்குழுவிற்கு அழைத்தபோது, அவர் தயங்கினார். அப்போது, "நீ வரவேண்டுமென ஆண்டவர் எம் உள்ளத்தில் உணர்த்தினார்" என்று கூறினோம். உண்மை யாதெனின், கூட்டத்தில் ஆள் குறைந்திருந்தது. செயலாளராகிய எமக்கு அது நாணமாயிருந்தது. அவர் மறுமொழியின்றி வந்தார். அன்று அதனை வெற்றியென எண்ணினோம். தோழரின் துன்பத்தைக் கேட்டபின்னரே, அவ்வஞ்சகர் ஏந்திய கத்தியின் சிறியதொரு வடிவம் எம் ஏட்டுக் கட்டினுள்ளும் இருந்தமை புலனாயிற்று. அம்மாணவரிடம் சென்று உண்மையைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், "அண்ணா, ஆள் குறைவு என்றே சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனே" என்றார்.

அன்று முதல் எம் குழுவில் ஒரு விதி கொண்டுள்ளோம். நாம் விரும்புவதை நாம் விரும்புகிறோம் என்றே கூறுதல் வேண்டும்; அதற்கு ஆண்டவர் பெயரை இரவல் வாங்குதல் கூடாது. அவர் திருநாமத்தை வீணிலே வழங்கலாகாது என்னும் கற்பனைக்கு இதுவும் ஒரு பொருள் என்று யாம் துணிகின்றோம்.