ஒழுங்கையிலே தொடங்கும் பாடம்

சில காலத்திற்கு முன் ஒரு மாலை வேளையில், வடபகுதியிலுள்ள ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எட்டாந் தரத்தில் பயிலும் மகள், பரீட்சைக்காகக் குடியுரிமைப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மாகாண அமைச்சரவை முதலமைச்சரையும் நால்வருக்கு மேற்படாத ஏனைய அமைச்சர்களையும் கொண்டது என்று பலமுறை சொன்னவள், சட்டென நிமிர்ந்து, "அப்பா, இப்போது எங்கள் முதலமைச்சர் யார்?" என்று கேட்டாள்.

"இப்போது ஒருவரும் இல்லை, பிள்ளை."

"அப்படியானால் இதை ஏன் படிக்கவேண்டும்?"

தந்தை நம்மைப் பார்த்தார். நாமும் உடனே விடை சொல்ல இயலாது நின்றோம்.

அன்பான பெற்றோரே, அக்கேள்வியில் நியாயம் உண்டு. 1987ஆம் ஆண்டு நவெம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் மாகாண சபைகள் தோன்றின. வடக்கிற்கெனத் தனியே அமைந்த முதற் சபையை மக்கள் தெரிவு செய்தது 2013 செப்டெம்பரிலேயே. அதன் ஐந்தாண்டுக் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. இதனிடையே 2017இல் தேர்தல் முறை மாற்றப்பட்டது. புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையையோ 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீங்கிற்று. புதியது கைக்கு வரவில்லை. 2019இல் ஊவாவின் காலமும் முடியவே, மக்கள் தெரிவு செய்த மாகாண சபை நாட்டில் ஒன்றேனும் இல்லாத நிலை உருவாயிற்று. நிருவாகம் ஆளுநர்களின் பொறுப்பில் நடந்தது. ஆளுநர் சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். வாக்குக் கேட்டு நம் படலைக்கு வருபவர் அல்லர்.

ஆயினும் சபை கலைந்ததனால் மாகாணத்தின் பணிகள் ஓய்ந்துவிடவில்லை. இதனைப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைக் காட்டிலும் வீதி நன்றாகக் கற்பிக்கும். வீட்டு ஒழுங்கையைப் பேணுவது பிரதேச சபையின் கடமை. அது சென்று சேரும் வீதி 'சி' அல்லது 'டி' தரத்ததாயின் மாகாண வீதித் திணைக்களத்திற்கு உரியது. நகரங்களை இணைக்கும் 'ஏ', 'பி' தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை. அரைமணி நேர நடையில் மூன்று ஆட்சிகளையும் பிள்ளை காலாலேயே அறிந்துகொள்ளும். பாடசாலைகளும் அவ்வாறே. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனைய அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் உள்ளன.

இதனால் பயன் யாதென வினவலாம். கூரை ஒழுகும் பாடசாலைக்காக எவரிடம் முறையிடுவது என்று அறியாத பெற்றோர், ஒவ்வொரு பணிமனையாக அலைந்து, ஈற்றில் மனம் சலித்து வீடு திரும்புகின்றனர். எது எவர் கடமை என்று அறிந்தவரோ உரிய வாயிலில் நின்று உரிமையோடு கேட்கின்றார். குடியுரிமை என்பது இந்த அறிவிலேயே தொடங்குகிறது.

மற்றொன்றையும் பெற்றோரும் ஆசிரியரும் மறைத்தலாகாது. முதலமைச்சரின் ஆசனம் வெறுமையாய்க் கிடந்த ஆண்டுகளையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே சொல்லிக்கொடுத்தல் வேண்டும். கசப்பை ஊட்டுவதற்காக அன்று. அச்சிறுமி மாகாண சபைத் தேர்தல் ஒன்றை நினைவறிந்து கண்டவள் அல்லள். கண்டறியாத ஒன்றை இழந்தோம் என்று பிள்ளைகள் உணர்வதில்லை. வாக்களியாதிருப்பதே இயல்பு என எண்ணி ஒரு தலைமுறை வளருமாயின், இழந்ததைக் கேட்பதற்கும் ஆள் இராது.

அன்று அம்மகளுக்கு நாம் இறுதியில் சொன்ன விடை இதுவே: "பதினெட்டு வயதில் உன் கைக்கு வாக்குரிமை வரும். அப்போது எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கவே இதைப் படிக்கின்றாய்."

வரும் ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை நடந்து பாருங்கள். இந்த வீதி எவருடைய பொறுப்பு என்று அவர்களைக் கேளுங்கள். விடை தெரியாவிடின், ஒன்றாய்த் தேடிக் கண்டுபிடியுங்கள்.