பொறுக்கியவள் பெயர் கணக்கில் எங்கே?

பாப்பிரெட்டிப்பட்டியில் பொழுது விடியும் முன்னே எங்கள் சின்னம்மா சாக்கோடு கிளம்பிவிடும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், சாராயக்கடை ஓரம், சந்தை கலைந்த இடம். தண்ணி பாட்டில் தனி, பால் கவர் தனி, உடைந்த குடம் தனி. ஷாம்பு பாக்கெட்டையும் பிஸ்கட் உறையையும் தொடாது. “அத காயலான் கடையில எவன் வாங்குவான்? கைதான் நாறும்” என்று சொல்லும். பல அடுக்காக ஒட்டிய உறையைப் பிரித்து உருக்குவது கடினம். அதனால் அதற்கு விலையில்லை. இதை எந்தக் கல்லூரியும் சின்னம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த அறிவுக்குத்தான் இன்று ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று பெயர். கருத்தரங்குகளில் ‘அனைவரையும் உள்ளடக்கிய’ என்ற அடைமொழியும் சேர்கிறது. யார் யாரை உள்ளடக்குவது? குப்பைக்குள் நாங்கள் எப்போதும் இருக்கிறோம். கணக்குக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டிருக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். சின்னம்மா போட்ட பாட்டில் காயலான் கடை, மொத்த வியாபாரி, அரவை ஆலை என்று கைமாறிக் குருணையாகிறது. கைமாறும்போதெல்லாம் விலை ஏறுகிறது. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த நெறிமுறைப்படி, பிளாஸ்டிக் உறையில் சரக்கு விற்கும் கம்பெனி மறுசுழற்சிக்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். பதிவு பெற்ற ஆலை சான்றிதழை உண்டாக்கும். கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கும். எடைக்குச் சான்றிதழ் உண்டு. எடையைச் சுமந்த முதுகுக்கு?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தன. விதி காகிதத்தில் இருக்கிறது, சின்னம்மா தெருவில் இருக்கிறது.

“இது வறுமைப் பிரச்சினை, சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?” என்று முற்போக்கு நண்பர்கள் கேட்கலாம். ஊர்த்தெருவில் வறியவர்களே இல்லையா? பசித்தாலும் அவர்கள் கை ஏன் அந்தச் சாக்குக்குப் போவதில்லை? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்கியது என்று அம்பேத்கர் 1936லேயே காட்டிவிட்டார். துப்புரவுப் பணியாளரை ‘தூய்மைப் பணியாளர்’ என்றார்கள், பிளாஸ்டிக்கை ‘நெகிழி’ என்றார்கள். பெயர்தான் நெகிழ்ந்தது.

புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993இல் சங்கம் கட்டினார்கள். அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்கு வீடு கட்டணமும் அவர்களுக்கு, விற்கும் பொருளின் காசும் அவர்களுக்கு. நல்ல முன்மாதிரி. ஆனால் அங்கேயும் சாக்கைத் தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். கூலி மாறியது, கை மாறவில்லை. கூட்டுறவு வேண்டும், அதோடு விடுதலை வந்துவிட்டது என்று ஏமாறவும் கூடாது.

நம் ஊர் போகும் திசையோ நேர் எதிர். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தலைநகரிலேயே இந்தக் கதி என்றால், சங்கமும் கேமராவும் எட்டாத பேரூர்களில் என்ன நடக்கும்?

நாம் கேட்பது கருணை அல்ல. தரம் பிரிக்கும் கொட்டகை பொறுக்குகிறவர்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாக வேண்டும். சான்றிதழ்க் காசில் பங்கு சட்டப்படி அவர்கள் கைக்கு வரவேண்டும். விலையில்லா உறையை எடுப்பதற்கு, அதைச் செய்து விற்கிற கம்பெனி கூலி தரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையை விட்டு வெளியேறும் உரிமை வேண்டும்: பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்கு நிலம், வேறு தொழிலுக்கு முதல்.

“எம்மவ இந்தச் சாக்கத் தொடக்கூடாது சாமி” என்கிறது சின்னம்மா. எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.